கருவியும் கண்ணோட்டமும்

நுழையும்முன்

கருவிகள் பெருகிவரும் காலம் இது. கடை, மருத்துவமனை, அலுவலகம், பள்ளி என எங்கும் கணினி இடம்பெற்றுவிட்டது. எந்தக் கருவி எந்தப் பணிக்குப் பொருந்தும் என அறிவுரை கூறுவதே இன்று ஒரு பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. அத்தொழிலுக்குக் கருவியைப் பற்றிய அறிவு மட்டும் போதாது. அதனைக் கையாளும் மனிதரைப் பற்றிய அறிவும் வேண்டும். இவ்வுண்மையைப் புதுச்சேரியிலும் பிற இடங்களிலும் நிகழ்ந்தவற்றைக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

ஆலோசனை என்னும் தொழில்

ஒரு வணிக நிறுவனம் தன் கணக்குகளைக் கணினியில் ஏற்ற விரும்புகிறது. மற்றொரு நிறுவனம் கிடங்கில் உள்ள சரக்கின் இருப்பை உடனுக்குடன் அறிய விரும்புகிறது. வேறொன்று, வாடிக்கையாளர்களின் குறைகளைப் பதிவுசெய்ய ஒரு செயலியை நாடுகிறது. இத்தகைய தேவைகளுக்கு ஏற்ற கணினி, மென்பொருள், வலைப்பின்னல் ஆகியவற்றைப் பரிந்துரைத்து, அவற்றை நிறுவவும் பணியாளர்களைப் பழக்கவும் துணைநிற்போர் தொழில்நுட்ப ஆலோசகர்கள் ஆவர்.

ஆலோசகரின் பணியை மருத்துவரின் பணியோடு ஒப்பிடலாம். மருந்துக்கடையில் எல்லா மருந்துகளும் உள்ளன. ஆயினும் நோயாளி முதலில் நாடுவது மருத்துவரையே. மருத்துவர் நாடி பார்க்கிறார். உணவு, உறக்கம், தொழில் ஆகியவற்றை வினவுகிறார். அதன் பின்னரே மருந்தைத் தீர்மானிக்கிறார். 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த வரிசையும் இதுவே. நோயை அறிதலும் அதன் காரணத்தை அறிதலும் முன்னே நிற்கின்றன; மருத்துவம் பின்னே வருகிறது.

தொழில்நுட்ப ஆலோசனையில் இவ்வரிசை அடிக்கடி தலைகீழாகிவிடுகிறது. புதிய மென்பொருள் ஒன்று சந்தைக்கு வந்தவுடன், அதனை எங்கே பொருத்தலாம் எனத் தேடுகின்றனர். பணி எவ்வாறு நடைபெறுகிறது, அதனைச் செய்வோர் யாவர், அவர்களுக்கு உண்மையில் எது இடர் தருகிறது என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. இவ்வினாக்களை முன்னிறுத்துவதே மனிதக் கண்ணோட்டம் எனப்படும்.

அங்காடி உணர்த்தும் பாடம்

புதுச்சேரி நேரு வீதியை ஒட்டி அமைந்துள்ளது குபேர் அங்காடி. மக்கள் அதனைப் பெரிய மார்க்கெட் என்பர். காய்கறி, மீன், பூ, மளிகை என அங்கே நாள்தோறும் வணிகம் நிகழ்கிறது. இத்தகைய அங்காடியில் உள்ள ஒரு மளிகைக்கடைக்குக் கணினிவழி ரசீது வழங்கும் மென்பொருளை நிறுவுவதாகக் கொள்வோம்.

மென்பொருளின் நோக்கில் விற்பனை என்பது எளிய நிகழ்ச்சி. பொருள் எடுக்கப்படுகிறது, விலை கணக்கிடப்படுகிறது, பணம் பெறப்படுகிறது, ரசீது அச்சாகிறது. கடையில் ஒரு நாள் முழுதும் நின்று பார்ப்பவருக்கோ வேறு காட்சிகளும் புலப்படும். நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் பணம் தராமலே பொருளை எடுத்துச் செல்கிறார். அது பற்றுக் குறிப்பேட்டில் எழுதப்படுகிறது. சம்பள நாளில் கணக்குத் தீர்க்கப்படுகிறது. சிற்றுண்டிக் கடைக்காரர் காலையில் வாங்கிய பொருளில் எஞ்சியதை மாலையில் திருப்பித் தருகிறார். ஒரே பொருளுக்குச் சில்லறை வாங்குவோர்க்கு ஒரு விலையும் மொத்தமாக வாங்குவோர்க்கு மற்றொரு விலையும் உண்டு. கூட்டம் மிகுந்த வேளையில் கடைக்காரர் மனக்கணக்காகவே தொகையைச் சொல்லிவிடுகிறார்.

பணம் பெறாமல் ரசீதை முடிக்க இயலாதவாறு மென்பொருள் அமைந்திருப்பின், கடைக்காரர் பற்று வணிகத்தைப் பழைய குறிப்பேட்டிலேயே தொடர்வார். கணினியில் பாதிக் கணக்கும் ஏட்டில் பாதிக் கணக்குமாகப் பிரிந்து நிற்கும். சில திங்களில் கணினி துணியால் மூடப்பட்டு மூலையில் கிடக்கும். இதில் மென்பொருளின் நிரலில் பிழை ஏதும் இல்லை. கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே நிலவும் நம்பிக்கையும் வணிகத்தின் ஒரு பகுதி என்பதை வடிவமைத்தவர் காணத் தவறியதே குறை. அதனை அறைக்குள் அமர்ந்து அறிய இயலாது. கடை வாயிலில் நின்றே அறிய இயலும்.

பெயருக்குள் ஒரு வரலாறு

ஓர் ஊரின் வரலாறும் கணினியின் கட்டங்களுக்குள் வந்து நிற்கும் என்பதற்குப் புதுச்சேரியே தக்க சான்று. 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியின் ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்கு மாறியது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் இணைப்பு சட்டப்படி நிறைவுற்றது. ஆட்சி மாறினும் அதன் சுவடுகள் மக்களின் பெயர்களில் நிலைத்துள்ளன.

தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் ஒரு முறையும், பிரெஞ்சுக்காரர் ஆண்ட பகுதிகளில் மற்றொரு முறையும் தோன்றின. 'முத்து' என்னும் பெயரின் உகர ஒலிக்கு ஆங்கில வழக்கில் 'யு' என்னும் ஓர் எழுத்துப் போதும். பிரெஞ்சு வழக்கிலோ 'ஓ', 'யு' என்னும் இரண்டு எழுத்துகள் வேண்டும். இராமசாமி என்னும் பெயரில் வரும் 'எஸ்' எழுத்தைப் பிரெஞ்சு முறையில் இரட்டித்து எழுதுவர். இரண்டு உயிரெழுத்துகளுக்கு இடையே ஒற்றையாக வரும் 'எஸ்', பிரெஞ்சு மொழியில் 'இசட்' ஒலியைப் பெறும் என்பதே இதற்குக் காரணம்.

இதனால் ஒரு குடும்பத்தில் பாட்டனாரின் பிறப்புப் பதிவில் ஓர் எழுத்துமுறையும் பெயரனின் பள்ளிச் சான்றிதழில் வேறோர் எழுத்துமுறையும் இருக்கக்கூடும். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழ் மரபும் இதனோடு சேர்கிறது. 'குடும்பப் பெயரைக் கட்டாயம் நிரப்புக' எனக் கேட்கும் கணினிப் படிவத்தின் முன் குடும்பப் பெயரே இல்லாத தமிழர் திகைத்து நிற்பர். ஒருவர் தந்தை பெயரையும், மற்றொருவர் தலைப்பெழுத்தையும், வேறொருவர் தம் பெயரையே இரண்டாம் முறையும் அக்கட்டத்தில் நிரப்புவர்.

எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் கணினி, இத்தகைய இரண்டு ஆவணங்களை இரண்டு வெவ்வேறு மனிதர்களுடையவை என முடிவுசெய்யும். வங்கிக் கணக்கோ ஓய்வூதியமோ காப்பீட்டுத் தொகையோ தடைபடும். மண்ணின் வழக்கை அறிந்த ஆலோசகர் வேறு வகையில் செயல்படுவார். ஒரு பெயருக்குரிய மாற்று எழுத்துமுறைகளைப் பதிந்துகொள்ளத் தனி இடம் அமைப்பார். குடும்பப் பெயரைக் கட்டாயமாக்காமல் விடுவார். பொருந்தாத பெயர்களைத் தள்ளுபடி செய்வதற்குமுன் ஓர் அலுவலர் பார்த்து முடிவுசெய்யும் வழியை வகுப்பார். பல நாள் இன்னலைத் தவிர்க்கும் இம்மாற்றங்கள், செய்வதற்கு மிக எளியவை.

வில்லியனூரில் தொடங்கிய முயற்சி

மக்களிடம் கேட்டபின் கருவியைத் தேர்தல் என்னும் முறை, புதுச்சேரியின் சிற்றூர்களில் பெரிய அளவில் செயல்படுத்திக் காட்டப்பட்டது. சென்னையில் 1988ஆம் ஆண்டு நிறுவப்பட்ட எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியுடன், 1998ஆம் ஆண்டு 'தகவல் கிராமம்' என்னும் ஆய்வுத் திட்டத்தை இங்கே தொடங்கியது. இலாபம் இதன் நோக்கமன்று. எனினும் தேவையை அறிதல், கருவியைத் தேர்தல், பணியாளரைப் பழக்குதல், பயனை அளத்தல் எனத் தொழில்நுட்ப ஆலோசனையின் எல்லாப் படிகளும் இதில் அமைந்திருந்தன. ஆகவே, வணிகத் துறையினரும் இதிலிருந்து கற்பதற்கு மிகுதியாக உண்டு.

திட்டக் குழுவினர் கணினிகளை ஊருக்குள் கொண்டுவருமுன் ஊர்மக்களைச் சந்தித்தனர். மக்களுக்கு இப்போது செய்தி எவ்வழியில் கிடைக்கிறது, எத்தகைய செய்தி கிடைக்காமல் அவர்கள் துன்புறுகின்றனர் எனக் கேட்டறிந்தனர். அருகிலுள்ள கடைக்காரர், சந்தை, விதையும் உரமும் விற்போர் ஆகியோரே பெரும்பாலோர்க்குச் செய்தி தரும் வாயில்களாக இருந்தனர். உழவர்களுக்கு நெல்விலையும் இடுபொருள் விலையும் தேவைப்பட்டன. கடலோர மக்களுக்குக் கடலின் நிலை தேவைப்பட்டது. ஏழை எளியோர்க்கு அரசின் நலத்திட்டங்கள் யாவை, அவற்றைப் பெற யாரை அணுகுவது என்னும் விவரம் தேவைப்பட்டது. உலகத்துச் செய்திகள் அனைத்தையும் கொண்டுவந்து குவிப்பதைவிட இச்சிறு விவரங்களை உரிய நேரத்தில் தருவதே பயனுடையது எனத் தெரிந்தது.

கேட்டறிந்தவற்றுக்கு ஏற்பக் கருவிகள் அமைந்தன. வில்லியனூர் நடுவண் நிலையமாயிற்று. அங்கே திரட்டப்பட்ட செய்திகள் எளிய தமிழில் தொகுக்கப்பட்டுச் சிற்றூர் அறிவு மையங்களுக்கு அனுப்பப்பட்டன. தொலைபேசி இணைப்பு அரிதாக இருந்த அக்காலத்தில், கம்பியில்லா வானொலிக் கருவிகள் வழியே மையங்கள் இணைக்கப்பட்டன. மின்தடை மிகுந்த ஊர்களில் கதிரவன் ஆற்றலால் இயங்கும் மின்தகடுகள் துணைசெய்தன. பின்னர், 'நம்ம ஊரு செய்தி' என்னும் இதழும் அச்சிட்டு வழங்கப்பட்டது. கணினித் திட்டம் ஒன்று காகித இதழை வெளியிட்டது முரணாகத் தோன்றலாம். செய்தி மக்களைச் சென்றடைதலே நோக்கம் என்பதால், அதற்கு உதவிய எந்தக் கருவியும் புறக்கணிக்கப்படவில்லை.

மையம் அமையும் இடத்தை ஊரே இலவசமாகத் தரவேண்டும். சாதி, பால் வேறுபாடின்றி அனைவரும் அங்கே வந்துசெல்ல வேண்டும் என்பன திட்டத்தின் நிபந்தனைகள். ஏம்பலத்தில் கோயிலைச் சேர்ந்த ஓர் அறையில் மையம் அமைந்தது. கோயிலுக்குள் நுழையத் தடையிருந்தோரும் இம்மையத்துக்குள் தடையின்றி நுழைந்தனர். மையங்களை நடத்தும் பொறுப்பில் பெண்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. பள்ளிக்கல்வி மட்டுமே பெற்ற பெண்கள் கணினியை இயக்கக் கற்றுத் தம் ஊரார்க்குச் செய்தி வழங்கினர். பெண்கள் தயக்கமின்றி வந்து கேட்கவும் உடல்நலம் குறித்து வினவவும் இவ்வமைப்பு வழிசெய்தது. இத்திட்டம் 2001ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் சேலஞ்சு விருதைப் பெற்றது.

தெரிந்து தெளிவோம்

பசுமைப் புரட்சிக்கு வித்திட்ட வேளாண் அறிவியலாளர் எம்.எஸ்.சுவாமிநாதன் (1925–2023) கும்பகோணத்தில் பிறந்தவர். 1987ஆம் ஆண்டு வழங்கப்பட்ட முதலாவது உலக உணவுப் பரிசைப் பெற்றவர் இவரே. அப்பரிசுத் தொகையைக் கொண்டு இவர் தொடங்கியதே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம்.

கடற்கரையில் ஒலித்த குரல்

அரிக்கமேட்டை அடுத்துள்ள வீராம்பட்டினம், மீனவர் வாழும் ஊர். கடலுக்குச் செல்வோர்க்கு அலையின் உயரம் உயிர்காக்கும் செய்தி. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வங்கக் கடலின் அலை உயரம் குறித்த முன்கணிப்பு வெளியாகிவந்தது. வில்லியனூர் நிலையத்தினர் அதனைப் பதிவிறக்கம் செய்து, தமிழில் ஆக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்பினர்.

ஆயினும் செய்தி கணினித் திரையில் தோன்றுவதாலேயே மீனவரைச் சென்றடைந்துவிடாது. வலையைச் சீர்செய்வோரும் படகைத் தள்ளுவோரும் கடற்கரையில் இருப்பர். திரையின் முன் வந்து அமர அவர்களுக்கு நேரம் இராது. எனவே ஊரில் ஒலிபெருக்கிகள் அமைக்கப்பட்டு, அலையின் நிலை உரக்க அறிவிக்கப்பட்டது. கடல்கடந்த நாட்டின் கணினியில் பிறந்த எண், கடற்கரை மணலில் நிற்பவரின் காதுக்கு அவருடைய மொழியிலேயே வந்து சேர்ந்தது. அவ்வழியின் இறுதிப் படியாக அமைந்தது விலையுயர்ந்த கருவியன்று. திருவிழாக்களில் நாம் காணும் ஒலிபெருக்கியே.

அந்த ஒலிபெருக்கியின் அருமையை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் உலகம் உணர்ந்தது. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள நல்லவாடு என்னும் மீனவர் ஊரிலும் இத்திட்டத்தின் மையம் இருந்தது. அவ்வூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் பணியாற்றிவந்தார். நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் பற்றிய செய்தியை அறிந்த அவர், ஊரிலிருந்த தம் குடும்பத்தாரைத் தொலைபேசியில் அழைத்து எச்சரித்தார். செய்தி பரவியது. ஊரார் மையத்தின் கதவை உடைத்து உள்ளே சென்று, நாள்தோறும் கடல்நிலையை அறிவிக்கப் பயன்பட்ட ஒலிபெருக்கியின் வழியே அனைவரையும் வெளியேறுமாறு அறிவித்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஆனால், ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் ஓர் உயிரும் பறிபோகவில்லை.

இந்நிகழ்ச்சியில் ஆராயத்தக்கது ஒன்று உண்டு. அந்த ஒலிபெருக்கி ஆழிப்பேரலையை எதிர்பார்த்து வைக்கப்பட்டதன்று. மீனவரின் அன்றாடத் தேவையைக் கேட்டறிந்து வைக்கப்பட்டது. அன்றாடம் பயன்பட்டதால் அது எங்கே உள்ளது என்பதை ஊரார் அறிந்திருந்தனர். அதன் குரலை நம்பவும் பழகியிருந்தனர். மக்களின் வாழ்வோடு இணைந்த கருவியே, எதிர்பாராத இடரிலும் கைகொடுத்தது.

சுரங்கத்தில் கண்ட உண்மை

மனிதரை அறிந்து அமைத்த கருவி பயன்தந்ததைப் புதுச்சேரி காட்டியது. மனிதரை மறந்து அமைத்த கருவி என்னவாகும் என்பதைத் தொழில் வளர்ச்சியில் முன்னோடியான பிரித்தானிய நாட்டின் இரண்டு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் அந்நாட்டின் நிலக்கரிச் சுரங்கங்களில் இயந்திரங்களைக் கொண்ட புதிய முறை பரவலாகியிருந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு உற்பத்தி உயரவில்லை. தொழிலாளர் பணிக்கு வராமை மிகுந்தது. இதன் காரணத்தை இலண்டனில் உள்ள டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் ஆகியோர் ஆராய்ந்து 1951ஆம் ஆண்டு கட்டுரையாக வெளியிட்டனர். பாம்ஃபோர்த் முன்னர்ச் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர்.

பழைய முறையில் சிறு குழுவினர் ஒன்றுகூடி வேலை முழுவதையும் தாமே செய்தனர். ஒருவர்மீது ஒருவர் கொண்ட நம்பிக்கையே இருளும் இடரும் நிறைந்த சுரங்கத்தில் அவர்களுக்குக் காவலாக இருந்தது. புதிய முறை, பணியைப் பல கூறுகளாகப் பிரித்து வெவ்வேறு வேளையில் வருவோரிடம் அளித்தது. ஒரு வேளையினர் விட்ட குறை அடுத்த வேளையினர்மீது விழுந்தது, குழுவுணர்வு சிதைந்தது. இயந்திரமும் மனிதர் கூட்டமும் ஒன்றோடொன்று பிணைந்தவை, ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றொன்று குலையும் என்னும் கருத்து இவ்வாய்விலிருந்து வளர்ந்தது.

கணினி பொய் சொல்லுமா?

இரண்டாவது நிகழ்ச்சி அண்மைக் காலத்தது. பிரித்தானிய அஞ்சல்துறை 1999ஆம் ஆண்டு முதல் தன் கிளைகளில் 'ஹொரைசன்' என்னும் கணக்கியல் மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கியது. அதன்பின் பல கிளைகளில் இருக்கவேண்டிய பணத்துக்கும் கையிலிருந்த பணத்துக்கும் வேறுபாடு இருப்பதாகக் கணினி காட்டியது. கிளைகளை நடத்தியோர் தாம் தவறு செய்யவில்லை எனக் கூறினர். எனினும் கணினியின் கணக்கே மெய்யெனக் கொள்ளப்பட்டது. இத்தகைய குறை வேறெவர்க்கும் நேரவில்லை என்றே அவர்களில் பலரிடம் கூறப்பட்டது.

900க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றனர். சிலர் சிறை சென்றனர். பலர் சேமிப்பையும் வீட்டையும் இழந்தனர். உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. மென்பொருளில் பிழைகள் இருந்தன என 2019ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024ஆம் ஆண்டு தனிச்சட்டம் இயற்றப்பட்டு அத்தண்டனைகள் நீக்கப்பட்டன.

மென்பொருளில் பிழை நேர்வது இயல்பு. அப்பிழை இத்துணைப் பெருந்துயராக வளர்ந்ததற்குக் காரணம், கணினியின் சொல்லுக்கு எதிராக மனிதரின் சொல் ஏறாமற்போனதே. நேர்மையோடு பல்லாண்டு பணியாற்றிய நூற்றுக்கணக்கானோர் ஒரே வேளையில் திருடர்களாக மாறுவது இயலுமா என்னும் எளிய வினா உரிய காலத்தில் எழுந்திருப்பின் பல குடும்பங்கள் காக்கப்பட்டிருக்கும். அவ்வினா எண்களிலிருந்து பிறப்பதன்று. மனிதரை அறிந்த பட்டறிவிலிருந்து பிறப்பது.

மனிதப் பார்வைக்கும் எல்லை உண்டு

மனிதரின் பார்வை குறையற்றது எனக் கொள்ளலாகாது. ஆலோசகரும் மனிதரே. தம்மை அழைத்துக் கட்டணம் தரும் மேலாளரின் சொல்லையே அவர் முழு உண்மை எனக் கருதக்கூடும். உரக்கப் பேசுவோரின் குரல் காதில் விழும். கிடங்கில் மூட்டை தூக்குவோர், தரவுகளைப் பதிவுசெய்யும் பெண் ஊழியர், மொழி தெரியாத புதிய தொழிலாளர் ஆகியோரின் குரல் விழாமற்போகும். பழக்கத்தையும் சாய்வையும் பட்டறிவு என மயங்குவதும் உண்டு.

ஆகவே கேட்டால் மட்டும் போதாது. எவரிடம் கேட்கிறோம் என்பதும் முதன்மையானது. தகவல் கிராமத் திட்டம் பெண்களுக்கு முன்னுரிமை தந்ததும், சாதி வேறுபாடின்றி வரும் இடத்தை நிபந்தனையாக்கியதும் இதனாலேயே சிறப்புப் பெறுகின்றன. மேலும், ஒருவர் கூறுவதை எண்களைக் கொண்டு சரிபார்ப்பதும் வேண்டும். எந்நாளும் கூட்டம் எனக் கடைக்காரர் கூறலாம். விற்பனைப் பதிவு இரண்டு நாள்களில் மட்டுமே கூட்டம் எனக் காட்டலாம். தரவு மனிதரின் மறதியைத் திருத்தும். மனிதர் தரவின் குருட்டுத்தன்மையைத் திருத்துவர். இரண்டும் ஒன்றையொன்று சோதித்துக்கொள்ளும் இடத்திலேயே நல்ல முடிவு பிறக்கிறது.

செயற்கை நுண்ணறிவுக் காலத்தில்

இன்று செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதுகிறது, அறிக்கை வரைகிறது, பல மென்பொருள்களை ஒப்பிட்டு நொடியில் பட்டியல் தருகிறது. ஆலோசகர் பல நாள் செய்துவந்த பணிகள் சில மணித்துளிகளில் முடிகின்றன. இதனைக் கண்டு அஞ்சுவதும் கண்மூடி நம்புவதும் ஒருசேரத் தவறாகும். மூன்று பணிகள் இன்றும் மனிதரின் பொறுப்பிலேயே உள்ளன.

முதலாவது, வினாவை வகுத்தல். கருவி, கேட்கப்பட்ட வினாவுக்கு விடை தருகிறது. 'விற்பனையை விரைவாக்குவது எப்படி?' எனக் கேட்டால் அதற்கு விடை கிடைக்கும். உண்மையான இடர் விரைவின்மையா, பற்றுக் கணக்கின் குழப்பமா என்பதைக் கடையில் நின்றவரே அறிவார்.

இரண்டாவது, எழுதப்படாததை அறிதல். செயற்கை நுண்ணறிவு பெரிதும் பதிவுகளிலிருந்து கற்கிறது. மீனவரின் கடலறிவும் தொழிலாளரின் கைப்பழக்கமும் ஊரின் சொல்லாத விதிகளும் முழுமையாக எழுதப்பட்டவை அல்ல. தமிழ் போன்ற மொழிகளில் இந்த இடைவெளி இன்னும் அகன்றது.

மூன்றாவது, பொறுப்பேற்றல். ஒரு முடிவால் ஒருவர் வேலையையோ பணத்தையோ மதிப்பையோ இழக்கும்போது, 'ஏன்?' என அவர் கேட்பார். அவர் முன் நின்று காரணம் கூறவும், தவறெனில் திருத்தவும், ஈடுசெய்யவும் மனிதரே வேண்டும். கணினி காட்டியது என்பது விடையாகாது.

கண்ணோட்டம்

'கண்ணோட்டம்' என்னும் சொல்லுக்கு இக்காலத்தில் பார்வை, நோக்கு என்னும் பொருள் வழங்குகிறது. வள்ளுவர் காலத்தில் அது இரக்கத்தோடு கூடிய பரிவைக் குறித்தது. 'கண்ணோட்டம்' என்னும் அதிகாரத்தை அவர் அறத்துப்பாலில் வைக்காமல், ஆட்சியும் செல்வமும் பேசப்படும் பொருட்பாலில் வைத்தார் என்பது எண்ணத்தக்கது. பரிவு என்பது பொருளாட்சியின் ஓர் உறுப்பு என அவர் கருதியமை இதனால் புலனாகும்.

அச்சொல்லின் பழம்பொருளும் புதுப்பொருளும் தொழில்நுட்ப ஆலோசனையில் ஒன்றுகூடுகின்றன. பணிசெய்வோரின் இடத்தில் நின்று பார்க்கும் நோக்கும், அவர்கள்பால் கொள்ளும் பரிவும் இணைந்தால்தான் கருவி பொருந்தும். நாளை கணினித் துறையிலோ வணிகத் துறையிலோ பணியேற்கவிருக்கும் மாணவர்கள், நிரல்மொழிகளைக் கற்பதோடு மனிதரிடம் கேட்கவும் கேட்டதைப் பொறுமையாக உள்வாங்கவும் கற்க வேண்டும். நிரல்மொழிகள் சில ஆண்டுகளில் மாறும். கேட்டறியும் பழக்கம் எந்தக் கருவி வந்தாலும் பயன்படும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள கடை அல்லது அலுவலகம் ஒன்றில், அங்குப் பணியாற்றுவோரின் இசைவுடன் ஒரு மணிநேரம் உற்றுநோக்குக. கணினியில் பதிவாகாமல் நடைபெறும் பணிகளைப் பட்டியலிடுக.

2. உங்கள் குடும்பத்தாரின் பெயர்கள் வெவ்வேறு ஆவணங்களில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன என ஒப்பிட்டு, வேறுபாடுகளுக்கான காரணங்களை வகுப்பில் எடுத்துரைக்க.

3. 'கணினி காட்டும் கணக்கை மறுத்துப் பேச ஊழியருக்கு உரிமை வேண்டும்' என்னும் பொருளில் சொற்போர் நிகழ்த்துக.

4. நல்லவாடு நிகழ்ச்சியில் கருவியின் பங்கையும் மனிதரின் பங்கையும் பிரித்து ஒரு பக்க அளவில் எழுதுக.